ஸ்கேன் எதைச் சொல்லும், எப்போது சொல்லும்

அல்ட்ராசவுண்ட் பெண்கள் மருத்துவத்துக்குள் முதலில் வந்தது வயிற்றுக் கட்டிகளைப் பார்க்கத்தான். குழந்தையைப் பார்ப்பது அதைத் தொடர்ந்து வந்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் மகப்பேறு பேராசிரியராக இருந்த இயான் டொனால்ட், இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் பணியாற்றியவர். ரேடார், சோனார் போன்ற நுட்பங்களில் அப்போதிருந்தே அவருக்கு ஆர்வம். பாய்லர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், உலோகத்துக்குள் விரிசல் இருக்கிறதா என்று ஒலியலையை அனுப்பிப் பார்க்கும் கருவி இருப்பது தெரிந்ததும், அறுவை சிகிச்சையில் எடுத்த, கர்ப்பப்பைச் சுவரில் வளரும் ஃபைப்ராய்டு கட்டிகளையும் சினைப்பைக் கட்டிகளையும் 1955ல் காரில் ஏற்றிக்கொண்டு அங்கே போனார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டும் வைக்கப்பட்டது. நீர் நிறைந்த கட்டி ஒரு மாதிரியும், கெட்டியான கட்டி வேறு மாதிரியும் எதிரொலித்தன.

அதன்பின் அவரிடம் வந்த நோயாளிகளில் ஒருவர், முற்றிய இரைப்பைப் புற்றுநோய் என்று முடிவு சொல்லப்பட்டிருந்த பெண். வயிறு பெருத்திருந்தது. டொனால்டின் கருவியோ, உள்ளே இருப்பது நீர் நிறைந்த பெரிய கட்டி என்றது. வயிற்றைத் திறந்து பார்த்தால், புற்றுநோய் அல்லாத சினைப்பைக் கட்டி. எடுத்துவிட்டார்கள், அவர் பிழைத்துக்கொண்டார். டொனால்ட், மருத்துவர் ஜான் மக்விகார், பொறியாளர் டாம் பிரவுன் மூவரும் 1958ல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இன்றைய ஸ்கேன் அறை வளர்ந்தது.

அன்று கருவியிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: நீரா, கெட்டியா? கேள்வி தெளிவாக இருந்ததால் பதிலும் தெளிவாக வந்தது. இன்றைக்கு ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வருபவர்கள் கேட்பது வேறு: "எல்லாம் நார்மல்தானே?" அந்தக் கேள்விக்கு எந்த ஸ்கேனாலும் பதில் சொல்ல முடியாது. எத்தனையாவது வாரம், எதைத் தேடினார்கள், எந்த வழியாகப் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்தே ஒரு ரிப்போர்ட்டுக்கு அர்த்தம் உண்டு. இது புரியாமல் வீணாகப் பயப்படுபவர்களும் இருக்கிறார்கள், வீணாக நிம்மதி அடைபவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே ஆபத்துதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

ஒலி படமாவது எப்படி

மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஸ்கேன் கருவியில், உடலில் வைத்துப் பார்க்கும் புரோப் அனுப்பும் ஒலி பல மில்லியன் ஹெர்ட்ஸ். மின்சாரம் பட்டால் அதிரும் படிகங்கள் புரோப்புக்குள் இருக்கின்றன. அவையே ஒலியை அனுப்புகின்றன, திரும்பி வரும் எதிரொலியையும் வாங்குகின்றன. உடலின் மென்திசுக்களில் ஒலி நொடிக்குச் சராசரியாக 1,540 மீட்டர் வேகத்தில் போகும் என்று வைத்துக்கொண்டு, எதிரொலி வர எவ்வளவு நேரமானது என்பதிலிருந்து ஆழத்தைக் கணக்கிடுகிறது கருவி. நீர் எதிரொலிக்காது, கருப்பாகத் தெரியும். எலும்பு பலமாக எதிரொலித்து வெள்ளையாகத் தெரியும், அதன் பின்னால் நிழல் விழும். காற்று ஒலியைத் தடுத்துவிடும். அதனால்தான் புரோப்புக்கும் தோலுக்கும் இடையில் காற்று இல்லாமல் ஜெல் தடவுகிறார்கள்.

அடிவயிற்றை வெளியிலிருந்து பார்க்கும்போது தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கிவரச் சொல்வதும் இதனால்தான். நிறைந்த சிறுநீர்ப்பை, காற்று அடங்கிய குடலை ஒதுக்கிவிட்டு, கர்ப்பப்பையைப் பார்க்க வழிவிடுகிறது. பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் டிவிஎஸ் ஸ்கேனுக்கு இது தேவையில்லை. சிறுநீரைக் கழித்துவிட்டே போகலாம். அதிர்வெண் கூடக்கூடப் படம் துல்லியமாகும், ஆனால் ஒலி ஆழமாகப் போகாது. டிவிஎஸ் புரோப் கர்ப்பப்பைக்கும் சினைப்பைக்கும் மிக அருகில் இருப்பதால் கூடுதல் அதிர்வெண்ணைப் பயன்படுத்த முடிகிறது. ஆரம்ப வாரங்களில் வயிற்றின் மேல் தெரியாதது இதில் தெரிவது அதனால்தான்.

டிவிஎஸ் செய்தால் கரு கலைந்துவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. கலையாது. புரோப் கர்ப்பப்பைக்குள் போவதில்லை. அதேசமயம், அது தயக்கம் தரும் பரிசோதனை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஏன் செய்கிறார்கள் என்று கேட்கவும், பெண் ஒருவர் உடன் இருக்கும்படி கேட்கவும், வலித்தால் நிறுத்தச் சொல்லவும், வேண்டாம் என்று மறுக்கவும் ஒவ்வொரு பெண்ணுக்கும் உரிமை உண்டு.

ஆரம்ப வாரங்கள்: தேதியும் காத்திருப்பும்

கர்ப்பத்தின் 5ஆவது வாரத்தை ஒட்டி டிவிஎஸ்ஸில், கர்ப்பப்பைக்குள் கரு வளரும் சிறு பை தெரிய ஆரம்பிக்கும். சில நாட்களில் அதற்குள் மஞ்சள் கருப் பை (யோக் சாக்) தெரியும். 6ஆவது வாரம் வாக்கில் சில மில்லிமீட்டர் அளவுள்ள கருவும், அதன் துடிப்பும். இங்கே வாரக் கணக்கு கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து போடப்படுவது. மாதவிடாய் முறையாக வராதவர்களுக்கும், கருமுட்டை தாமதமாக வெளியானவர்களுக்கும் இந்தக் கணக்கு ஒன்றிரண்டு வாரம் பிசகும். அந்தப் பிசகு பெரிய மன வேதனைக்குக் காரணமாகிறது. "7 வாரம் ஆச்சு, ஹார்ட் பீட் வரலை" என்று கேட்டு நொறுங்கிப்போகும் பெண்ணுக்கு உண்மையில் 5 வாரம்தான் முடிந்திருக்கலாம்.

இதனால்தான் கர்ப்பம் நின்றுவிட்டது என்று சொல்வதற்குக் கண்டிப்பான அளவுகள் வைத்திருக்கிறார்கள். டிவிஎஸ்ஸில் கருவின் நீளம் 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் துடிப்பு இல்லாவிட்டால், அல்லது கரு வளரும் பையின் சராசரி விட்டம் 25 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் உள்ளே கரு இல்லாவிட்டால்தான் அப்படி முடிவெடுக்கலாம். முன்பு இதைவிடச் சிறிய அளவுகளையே போதும் என்று எடுத்துக்கொண்டார்கள். உயிருள்ள கருவைத் தவறுதலாக இழக்கும் வாய்ப்பு அதில் இருக்கிறது என்று தெரிந்ததும் அளவுகளை உயர்த்தினார்கள். இந்த வரம்புக்குக் கீழே இருந்தால் சரியான பதில், "இன்னும் சொல்ல முடியாது, 7 முதல் 14 நாள் கழித்து வாருங்கள்" என்பதுதான். அந்த இரண்டு வாரம் எவ்வளவு நீளமாக இருக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அவசர முடிவைவிட அந்தக் காத்திருப்பு எவ்வளவோ மேல்.

காத்திருக்கவே கூடாத நிலையும் இந்த வாரங்களில்தான் வரும். கரு கர்ப்பப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில், ஒட்டி வளர்வது. நூற்றில் ஒன்றிரண்டு கர்ப்பங்களில் இப்படி நடக்கிறது. குழாய் வெடித்தால் உள்ளே ரத்தப்போக்கு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்து. கர்ப்பப் பரிசோதனை பாசிட்டிவாக இருந்து, ஒரு பக்க அடிவயிற்று வலி, ரத்தக் கசிவு, தலைச்சுற்றல், தோள்பட்டை வலி இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஸ்கேனில் கர்ப்பப்பை காலியாக இருந்தால் அதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. ரத்தத்தில், கர்ப்பத்தில் சுரக்கும் எச்சிஜி ஹார்மோனை 48 மணி நேர இடைவெளியில் பார்த்து, ஸ்கேனையும் சேர்த்தே முடிவுக்கு வருகிறார்கள்.

பிரசவ தேதிக்கு வருவோம். தலையுச்சியிலிருந்து பிட்டம் வரை கருவின் நீளத்தை அளந்து வயதைக் கணிக்கும் முறையை 1970களில் கிளாஸ்கோவில்தான் உருவாக்கினார்கள். முதல் 3 மாதங்களில் எல்லாக் கருக்களும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் வளர்வதால் இந்தக் கணக்கு 5 முதல் 7 நாள் வித்தியாசத்துக்குள் சரியாக இருக்கும். மாதம் ஏற ஏற அம்மா, அப்பா உடல்வாகும் நஞ்சுக்கொடியின் வேலையும் குழந்தையின் அளவில் தெரிய ஆரம்பிக்கும். கடைசி 3 மாதங்களில் ஸ்கேன் காட்டும் வயது 3 வாரம் வரைகூட விலகலாம். "ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் ஒவ்வொரு தேதி போட்டிருக்கே, எது சரி?" என்ற குழப்பத்துக்கு விடை இதுதான்: சரியாக எடுக்கப்பட்ட முதல் ஸ்கேனின் தேதியே கடைசிவரை. 32ஆவது வாரத்தில் எடுத்த ஸ்கேன் "29 வார அளவு" என்று காட்டினால் தேதியை மாற்றக் கூடாது. குழந்தை ஏன் சிறியதாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தேதியை மாற்றிவிட்டால் வளர்ச்சி குன்றிய குழந்தை, காகிதத்தில் நல்லபடியாக வளரும் குழந்தையாகிவிடும்.

அரை மில்லிமீட்டர் விவகாரம்

11 வாரம் முடிந்து 14 வாரம் நிறைவதற்குள் செய்வது என்டி ஸ்கேன். சிசுவின் பின்கழுத்தில், தோலுக்கு அடியில் இருக்கும் மெல்லிய நீர்ப் படலத்தின் தடிமனை அளப்பது இதன் முக்கியமான வேலை. லண்டனில் கைப்ரோஸ் நிக்கோலைடிஸும் உடன் பணியாற்றியவர்களும் 1992ல் இந்த நீர்ப் படலத்துக்கும் டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் மாறுபாடுகளுக்கும் உள்ள தொடர்பை விளக்கினார்கள்.

இந்த அளவை எடுப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் ஸ்கேன் எவ்வளவு கைத்திறனைச் சார்ந்தது என்று புரியும். சிசுவின் நீளம் 45 முதல் 84 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். சரியான பக்கவாட்டுத் தோற்றம் வேண்டும். மூக்கு நுனி தெரிய வேண்டும். தலையும் மேல்மார்பும் மட்டுமே திரையை நிறைக்கும்படி பெரிதாக்க வேண்டும். கழுத்து நிமிர்ந்திருந்தால் அளவு கூடும், குனிந்திருந்தால் குறையும், அதனால் இயல்பான நிலையில் இருக்க வேண்டும். பின்னால் தெரியும் கோடு சிசுவின் தோலா, பனிக்குடச் சவ்வா என்று பிரித்தறிய, சிசு ஒருமுறை துள்ளி நகரும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம், படலத்தின் மிகத் தடித்த இடத்தில், இரண்டு வெள்ளைக் கோடுகளின் உள்விளிம்பில் அளவுக்குறியை வைக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் தவறினால் கணக்கே மாறும். சிசு ஒத்துழைக்காவிட்டால், "கொஞ்சம் நடந்துவிட்டு வாங்க" என்று அனுப்புவார்கள். அப்படி அனுப்பும் மருத்துவர் வேலையை ஒழுங்காகச் செய்கிறார் என்று அர்த்தம்.

இந்த அளவோடு தாயின் வயதையும் இரண்டு ரத்தப் பரிசோதனைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், டவுன் சிண்ட்ரோம் உள்ள கர்ப்பங்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தை அடையாளம் காணலாம். அதற்கு விலையாக, பாதிப்பில்லாத கர்ப்பங்களில் சுமார் 5 சதவீதமும் 'அதிக வாய்ப்பு' வகையில் விழும். வாய்ப்பு வேறு, நோயை உறுதி செய்வது வேறு. '100ல் 1' என்று வந்தால், அதே முடிவு வந்த 100 பேரில் 99 பேரின் குழந்தைக்கு அந்தப் பிரச்சினை இல்லை. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் நஞ்சுக்கொடித் திசுவையோ பனிக்குட நீரையோ ஊசி மூலம் எடுத்துச் சோதிக்க வேண்டும். ஸ்கேன் முடிவை மட்டும் வைத்துக்கொண்டு கர்ப்பத்தைப் பற்றிப் பெரிய முடிவு எதையும் எடுக்கக் கூடாது.

இரட்டைக் குழந்தைகள் என்றால் இந்த வாரங்களில் தவறவிடக் கூடாத இன்னொரு கேள்வி இருக்கிறது: இருவருக்கும் ஒரே நஞ்சுக்கொடியா, தனித்தனியா? இடையில் இருக்கும் சவ்வு நஞ்சுக்கொடியைத் தொடும் இடத்தின் வடிவத்தை வைத்து இப்போது எளிதாகச் சொல்லிவிடலாம். மாதம் ஏறினால் சொல்வது கடினம். ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்தால் ஒரு குழந்தையின் ரத்தம் மற்றொன்றுக்குப் போய்விடும் அபாயம் உண்டு என்பதால் 16ஆவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள்.

அனாமலி ஸ்கேன்

குழந்தையின் உறுப்புகளில் பிறவிக் குறை இருக்கிறதா என்று 18 முதல் 22 வாரத்துக்குள் பார்க்கும் இந்த ஸ்கேன்தான் கர்ப்ப காலத்தில் மிக நீளமானது. மூளையின் அறைகள், சிறுமூளை, உதடு, முதுகெலும்பு, இதயத்தின் நான்கு அறைகள், அதிலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய்கள், இரைப்பை, சிறுநீரகம், சிறுநீர்ப்பை, கை கால், தொப்புள்கொடி என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வருவார்கள். பார்ப்பவர் பேசாமல் இருந்தால் ஏதோ தப்பு என்று நினைக்க வேண்டாம். அந்த நேரத்தில் கவனம் முழுக்கத் திரையில்தான் இருக்கும்.

முதுகெலும்பு சரியாக மூடாத பிறவிக் குறையைக் கண்டுபிடித்த விதம் இந்தத் துறையின் நுட்பத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. முதுகில் இருக்கும் சின்னத் திறப்பை நேரடியாகப் பார்ப்பது கடினம். ஆனால் அந்தத் திறப்பால் மூளை கீழ்நோக்கி இழுபடுகிறது. அதனால் மண்டையோட்டின் முன்பகுதி எலுமிச்சை வடிவில் ஒடுங்குகிறது, சிறுமூளை வாழைப்பழம் போல வளைகிறது. 1986ல் இதை விவரித்த பிறகு, முதுகுக் குறையைத் தலையைப் பார்த்தே சந்தேகிக்க முடிந்தது.

எல்லாக் குறைகளும் இப்படிப் பிடிபடாது. மண்டையோடு உருவாகாதது போன்ற பெரிய குறைகள் கிட்டத்தட்ட எப்போதும் தெரிந்துவிடும். இதயக் குறைகளில் கணிசமானவை தவறிப்போகும். சின்ன ஓட்டைகள் தெரியவே தெரியாது. சில குறைகள் 20ஆவது வாரத்தில் இருக்கவே இருக்காது, பின்னால்தான் உருவாகும். காது கேட்பது, அறிவு வளர்ச்சி, ஆட்டிசம் இவற்றையெல்லாம் ஸ்கேன் காட்டாது. தாயின் உடல் பருமன், குழந்தை கிடக்கும் நிலை, பனிக்குட நீரின் அளவு, கருவி, பார்ப்பவரின் பயிற்சி எல்லாமே முடிவைப் பாதிக்கும். "சரியாகப் பார்க்க முடியவில்லை" என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தால் அது நேர்மையான வரி. மறுபடி போய்ப் பார்த்துவிட வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பவை 'சாஃப்ட் மார்க்கர்' எனப்படும் சின்ன அடையாளங்கள். இதயத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி, மூளைக்குள் ஒரு குட்டி நீர்க்குமிழி. தனியாக இருந்தால், குரோமோசோம் பரிசோதனையிலும் சந்தேகம் இல்லையென்றால், இவற்றுக்குப் பெரும்பாலும் எந்த முக்கியத்துவமும் கிடையாது. மூளையில் தெரியும் அந்தக் குமிழிகள் பெரும்பாலும் சில வாரங்களில் தானே மறைந்துவிடும். ஆனால் "குழந்தையின் மூளையில் நீர்க்கட்டி" என்று ஒரு வரியை மட்டும் சொல்லி அனுப்பிவிட்டால் அந்தக் குடும்பத்தின் தூக்கமே போய்விடும். ரிப்போர்ட்டில் எழுதுபவர்கள் அதன் பொருளையும் நேரில் உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தாயின் பக்கமும் இந்த ஸ்கேனில் முக்கியம். கர்ப்பப்பை வாயின் நீளம் 25 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் குறைப்பிரசவ வாய்ப்பு கூடுகிறது. பிறப்புறுப்பில் வைக்கும் புரோஜெஸ்டிரோன் மருந்து அதைக் குறைக்கிறது. இந்த நீளத்தை டிவிஎஸ்ஸில் அளந்தால்தான் நம்பலாம். நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது என்று 20ஆவது வாரத்தில் சொன்னாலும் பதற வேண்டாம். கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி வளர வளர, 10 பேரில் சுமார் 9 பேருக்கு அது மேலே விலகிவிடும். 32ஆவது வாரம் வாக்கில் மறுபடி பார்ப்பார்கள். முன்பு சிசேரியன் ஆனவருக்கு நஞ்சுக்கொடி கீழே, முன்பக்கமாக இருந்தால் மட்டும் கதை வேறு. அது பழைய தழும்புக்குள் ஊடுருவி ஒட்டிக்கொண்டிருக்கலாம். பிரசவத்தில் பெரும் ரத்தப்போக்கு நேரிடும். அனுபவமுள்ளவரிடம் அதற்கென்றே ஒரு ஸ்கேன் எடுத்து, ரத்தமும் அறுவை சிகிச்சைக் குழுவும் தயாராக இருக்கும் இடத்தில் பிரசவத்தைத் திட்டமிட வேண்டும். முன்பே தெரிந்துகொள்வது தாயின் உயிரைக் காப்பாற்றும் இடம் இது.

கடைசி மாதங்கள்

பின்மாத ஸ்கேன்களில் தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பு நீளம் இவற்றிலிருந்து குழந்தையின் எடையைக் கணிக்கிறார்கள். இது கணிப்புதான், 10 முதல் 15 சதவீதம் முன்பின் ஆகலாம். 3 கிலோ என்று சொன்ன குழந்தை 2.6 கிலோவாகவும் பிறக்கலாம், 3.4 கிலோவாகவும் பிறக்கலாம். ஒரு தனி எண்ணைவிட, இரண்டு மூன்று வார இடைவெளியில் எடுத்த ஸ்கேன்களில் வளர்ச்சி எப்படிப் போகிறது என்பதே முக்கியம்.

வளர்ச்சி குறைந்தால் டாப்ளர் கைகொடுக்கிறது. நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் மாறும் என்று 1842ல் கிறிஸ்டியன் டாப்ளர் சொன்ன தத்துவம்தான், இங்கே ரத்த ஓட்டத்தை அளக்கிறது. ஆரோக்கியமான நஞ்சுக்கொடிக்குள் ரத்தம் தடையின்றிப் போகும். குழந்தையின் இதயம் இரண்டு துடிப்புக்கு இடையில் ஓய்வெடுக்கும்போதும் தொப்புள்கொடித் தமனியில் ஓட்டம் தொடரும். நஞ்சுக்கொடி கெட ஆரம்பித்தால் அந்த ஓய்வு நேர ஓட்டம் குறையும், பிறகு நின்றுபோகும், கடைசியில் எதிர்த்திசையில் திரும்பும். எத்தனை நாள் பொறுக்கலாம், எப்போது வெளியே எடுக்க வேண்டும் என்ற முடிவுக்கு இது பெரிய உதவி. மூளையின் ஒரு தமனியில் ரத்தத்தின் வேகத்தை அளந்து குழந்தைக்கு ரத்தசோகை இருக்கிறதா என்றுகூடச் சொல்லலாம். முன்பு இதற்குப் பனிக்குடத்தில் திரும்பத் திரும்ப ஊசி போட வேண்டியிருந்தது.

கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறது என்ற வரியும் இந்த ரிப்போர்ட்டுகளில் அடிக்கடி வரும். பிறக்கும் குழந்தைகளில் நான்கில் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட இப்படி இருக்கிறது. பெரும்பாலும் எந்தக் கெடுதலும் இல்லை. அதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை.

எத்தனை ஸ்கேன் தேவை? 24ஆவது வாரத்துக்கு முன் ஒரு ஸ்கேனாவது எல்லோருக்கும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016ல் பரிந்துரைத்தது. சிக்கல் இருப்பவர்களுக்கு அதற்கேற்பக் கூடும். அமெரிக்காவில் 15,000க்கும் மேற்பட்ட சிக்கலில்லாத கர்ப்பிணிகளை வைத்து நடந்து 1993ல் வெளியான ஆய்வில், காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஸ்கேன் எடுத்த குழுவுக்கும், காரணம் இருந்தால் மட்டும் எடுத்த குழுவுக்கும் குழந்தைகளின் நலத்தில் வித்தியாசம் தெரியவில்லை. கருவிகள் அதன்பின் எவ்வளவோ மேம்பட்டுவிட்டன. ஆனால் ஸ்கேன் எண்ணிக்கை கூடினாலே குழந்தை நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. ஸ்கேனில் எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு கிடையாது. ஆனாலும் ஒலியும் ஆற்றல்தான், திசுவைச் சிறிது சூடாக்கும். அதனால் தேவையான அளவு மட்டும், தேவையான நேரம் மட்டும் என்பது விதி. முதல் வாரங்களில் கருவின் மேல் காரணமில்லாமல் டாப்ளரைப் பயன்படுத்துவதில்லை.

கர்ப்பத்துக்கு வெளியே

சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் பிசிஓஎஸ் அளவுக்கு ஸ்கேனைத் தவறாகப் படிக்க வைத்த விஷயம் வேறு இல்லை. 'நீர்க்கட்டி இருக்கு' என்று கேட்டதும் பெண்ணும் வீடும் பயந்துபோகிறார்கள். திரையில் சினைப்பையின் ஓரமாகக் கருப்புப் புள்ளிகளாகத் தெரிபவை, வளர்ச்சியில் பாதியில் நின்ற முட்டைப் பைகள். அவற்றை வெட்டி எடுக்க வேண்டியதில்லை, அவை புற்றுநோயும் ஆகாது. மாதவிடாய்க் கோளாறு, ஆண் ஹார்மோன் கூடுதல், சினைப்பையின் இந்தத் தோற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் பிசிஓஎஸ் என்று 2003ல் ராட்டர்டாமில் கூடிய நிபுணர்கள் வகுத்தார்கள். முதல் இரண்டும் இருந்தால் ஸ்கேனே தேவையில்லை. ஸ்கேனில் மட்டும் தெரிந்து மற்ற இரண்டும் இல்லையென்றால் அது நோயில்லை. அன்று 12 பைகள் என்று வைத்த வரம்பை, புதிய கருவிகள் எல்லோருக்குமே நிறையக் காட்டுவதால், 2018ல் 20 ஆக்கினார்கள். பூப்படைந்து 8 ஆண்டுகள் வரை சினைப்பைகள் இயல்பாகவே இப்படித்தான் இருக்கும். அந்த வயதில் ஸ்கேனை வைத்து முடிவு செய்யக் கூடாது என்பது சர்வதேச வழிகாட்டுதல். பள்ளிக்கூடப் பெண்ணுக்கு ஒரு ஸ்கேனை வைத்து வாழ்நாள் நோயாளி என்று பெயர் சூட்டுவது அநியாயம்.

சினைப்பையில் தனியாகத் தெரியும் கட்டிகளில் பல, மாதாமாதம் முட்டை வெளியாவதன் மிச்சம். மாதவிடாய் நிற்காத வயதில், மெல்லிய சுவரும் உள்ளே தெளிந்த நீரும் மட்டும் உள்ள 5 செ.மீ.க்குக் குறைவான கட்டி பெரும்பாலும் தானே போய்விடும். கெட்ட கட்டியைப் பிரித்தறிய ஸ்கேன் நிபுணர்கள் 2008ல் எளிய விதிகளைத் தந்தார்கள்: உள்ளே ஒழுங்கற்ற கெட்டியான பகுதி, வயிற்றில் நீர், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட முனைகள், பலமான ரத்த ஓட்டம் போன்றவை இருந்தால் சந்தேகம். அப்படியானால் எல்லாப் பெண்களுக்கும் ஆண்டுதோறும் ஸ்கேன் எடுத்துச் சினைப்பைப் புற்றுநோயைத் தடுக்கலாமே? அதையும் சோதித்துவிட்டார்கள். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வின் முடிவு 2021ல் வந்தது: ஆண்டுதோறும் ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ செய்ததால் இறப்பு குறையவில்லை. அறிகுறி இருப்பவருக்கு உதவும் அதே ஸ்கேன், அறிகுறியே இல்லாத எல்லோருக்கும் உதவிவிடாது.

கர்ப்பப்பையின் உட்சவ்வு போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸில் நிலைமை தலைகீழ். சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய கட்டியாக இருந்தால் ஸ்கேன் காட்டும்; குடலோடு கர்ப்பப்பை ஒட்டிக்கொண்டு வழுக்காமல் நிற்பதைப் பயிற்சி உள்ளவர் புரோப்பை அசைத்தே கண்டுபிடிப்பார். ஆனால் வயிற்றுச் சவ்வில் மேலோட்டமாகப் படிந்தவை தெரியாது. மாதாமாதம் வலியில் சுருண்டு படுப்பவரிடம், "ஸ்கேன் நார்மல், உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று சொல்வது தவறு. வலி உண்மை. அதை அந்த ஸ்கேனால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். சினைப்பை முறுக்கிக்கொண்டு திடீரென்று கடும் வலி வரும்போதும் இதே எச்சரிக்கை பொருந்தும். டாப்ளரில் ரத்த ஓட்டம் தெரிந்தாலும் முறுக்கு இருக்கலாம்.

ஃபைப்ராய்டு கட்டிகள் மிகச் சாதாரணம், 50 வயதுக்குள் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இருக்கும். அளவைவிட இடம் முக்கியம்: கர்ப்பப்பையின் உள்ளறைக்குள் துருத்தும் 2 செ.மீ. கட்டி அதிக ரத்தப்போக்கைத் தரலாம், வெளிச்சுவரில் இருக்கும் 6 செ.மீ. கட்டி எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கலாம்.

மார்பகத்தில், தட்டுப்படும் கட்டி நீரா கெட்டியா என்று பார்க்கவும், திசு அடர்த்தியான இளம் வயதினருக்கும் அல்ட்ராசவுண்ட் நல்ல கருவி. சந்தேகமான இடத்தில் ஊசியைச் சரியாகக் கொண்டுபோகவும் உதவும். மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமுக்கு இது மாற்று ஆகாது. ஆரம்பப் புற்றுநோயின் அடையாளமாக வரும் நுண்ணிய சுண்ணாம்புப் படிவுகள் அல்ட்ராசவுண்டில் பெரும்பாலும் தெரிவதில்லை.

ஸ்கேனுக்குப் போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளையும் கடைசி மாதவிடாய் தேதியையும் கையோடு கொண்டு போகலாம். எதற்காக ஸ்கேன் என்பதைப் பரிந்துரைச் சீட்டில் ஒரு வரியாவது எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்கலாம். கர்ப்பப்பையின் உட்சவ்வு 9 மி.மீ. என்று ரிப்போர்ட்டில் வந்தால், மாதவிடாய்க்குச் சில நாள் முன்பு வந்த 30 வயதுக்காரருக்கு அது முழுக்க இயல்பு. மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கோடு வந்தவருக்கு, 4 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்தால்தான் புற்றுநோய் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழ். அவருக்கு அதே 9 மி.மீ. வந்தால், அடுத்து செய்ய வேண்டியது, சிறிது திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி.